காது கேட்கும் கருவிக்கான பணம்: வாங்குவதற்கு முன் கேட்க வேண்டியவை

அம்மாவின் இரண்டு காதுகளுக்கும் கருவி வேண்டும் என்று பரிசோதித்தவர் சொல்லிவிட்டார், அவர் எழுதிக் கொடுத்த தொகை எங்கள் வீட்டின் மூன்று மாத வருமானம், காப்பீட்டு நிறுவனமோ ஒரே வரியில் மறுத்துவிட்டது, இனிக் கடன் வாங்குவதைத் தவிர வேறு வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். வழி இருக்கிறது. பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து முழுத் தொகையும் வராது. இரண்டு மூன்று இடங்களிலிருந்து வருவதைச் சேர்த்துத்தான் அடைக்க வேண்டியிருக்கும். ஆனால் இதில் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதிலேயே பாதிக் காரியம் அடங்கியிருக்கிறது. தொகையைப் பிரித்துப் பார்ப்பது முதலில், யாரெல்லாம் கொடுக்கக்கூடும் என்று எழுத்தில் கேட்பது அடுத்து, வாங்குவது கடைசியில். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. ஆகவே சில நாடுகளின் ஏற்பாடுகளை எடுத்துக்காட்டாகச் சொல்லி, எங்கும் பொருந்தும் விஷயங்களில் அதிகம் நிற்கிறேன்.

உங்களிடம் சொல்லப்பட்ட தொகை எதற்கானது என்பதிலிருந்து தொடங்கலாம். அது அந்தச் சிறு பொருளின் விலை மட்டும் என்றே எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் அதற்குள் கருவி, காதுக்குள் வைக்கும் அச்சு, உங்கள் அம்மாவின் செவித்திறனுக்கு ஏற்ப அதைக் கணினியில் சரிசெய்யும் வேலை, அடுத்த சில ஆண்டுகளில் அவர் திரும்பத் திரும்ப வரப்போகும் சந்திப்புகள், உத்தரவாதம், தொலைந்துபோனால் மாற்றிக் கொடுக்கும் பொறுப்பு ஆகிய எல்லாம் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். இந்தக் கட்டை அவிழ்த்துத் தரும்படி கேளுங்கள். கருவிக்கு எவ்வளவு, பொருத்திச் சரிசெய்வதற்கு எவ்வளவு, பின்னால் வரும் கவனிப்புக்கு எவ்வளவு என்று மூன்று வரிகளில் விலைப்புள்ளி கொடுத்தால் போதும். பிரித்துத் தர இயலாது என்று சொன்னால், எத்தனை ஆண்டுகளுக்கு, எத்தனை சந்திப்புகள் இந்தத் தொகைக்குள் அடங்கும் என்பதையாவது எழுதி வாங்குங்கள். இது பேரம் பேசுவதற்காக மட்டும் அல்ல. சில திட்டங்கள் கருவிக்கு மட்டும் பணம் தரும், சில திட்டங்கள் பரிசோதனைக்கும் பொருத்துதலுக்கும் மட்டும் தரும். ஒரே தொகையாக எழுதப்பட்ட காகிதத்தைக் கண்டால் இரண்டுமே விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும்.

பொருத்துதலுக்கான கட்டணத்தில் ஒரு வேலை கட்டாயம் இருக்க வேண்டும். மெல்லிய சிலிகான் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை விட்டு, கருவி அணிந்திருக்கும்போது அங்கே உண்மையில் எவ்வளவு ஒலி சென்று சேர்கிறது என்று அளப்பார்கள். சில நிமிட வேலைதான். ஆனால் இதைச் செய்யாமல், தயாரிப்பாளரின் மென்பொருள் ஊகித்துக் கொடுக்கும் அளவிலேயே விட்டுவிடும் இடங்கள் ஏராளம். விலை குறைந்த கருவியை இப்படி அளந்து பொருத்தினால், அளக்காமல் பொருத்திய விலை உயர்ந்த கருவியைவிடப் பெரும்பாலும் நன்றாகவே கேட்கும். பணம் குறைவாக இருப்பவர் எதை விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

தரநிலை என்று சொல்லப்படும் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை வேறுபாட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம், ஏனெனில் தொகை இரட்டிப்பாவதும் மும்மடங்காவதும் அதனால்தான். வெளி உறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். இரைச்சலைப் பிரிக்கும் நுணுக்கம், சூழலுக்கு ஏற்பத் தானே மாறும் திறன், ஒலியைக் கையாளும் பட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றில்தான் வேறுபாடு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில், லேசான அல்லது மிதமான குறைபாடு உள்ள முதியவர்களுக்கு அடிப்படைக் கருவியையும் உயர்நிலைக் கருவியையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. இரண்டு வகையாலும் அவர்கள் பயன்பெற்றார்கள், ஆனால் பேச்சைப் புரிந்துகொள்வதில் இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. தினமும் கூட்டங்களில் பேசுகிற, பலர் ஒரே நேரத்தில் பேசும் இடத்தில் வேலை செய்கிற ஒருவருக்கு உயர்நிலைக் கருவி தேவைப்படலாம். வீட்டில் இரண்டு மூன்று பேரோடு பேசி, தொலைக்காட்சி பார்த்து, தொலைபேசியில் பேரப்பிள்ளைகளின் குரலைக் கேட்க வேண்டும் என்பதுதான் அம்மாவின் தேவை என்றால், இரண்டு காதுகளிலும் குறைபாடு ஏறக்குறைய சமமாக இருக்கும்போது, உயர்நிலைக் கருவி ஒன்றைவிட அடிப்படைக் கருவிகள் இரண்டை வாங்குவதே மேல். ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை இரண்டு காதுகளும் சேர்ந்துதான் சொல்கின்றன.

கருவிக்கு முன்னதாக வரும் செலவு வேறு கணக்கில் சேரும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. காதுக் குறும்பியை அகற்றுதல், நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தல், காது மூக்கு தொண்டை மருத்துவரின் ஆலோசனை, அவர் எழுதிக் கொடுக்கும் செவித்திறன் பரிசோதனை ஆகியவை மருத்துவச் செலவுகள். கருவிக்குப் பணம் தர மறுக்கும் அதே காப்பீடு இவற்றுக்குக் கொடுப்பது உண்டு. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் பி பகுதி, நோயைக் கண்டறிவதற்கான செவிப் பரிசோதனையை ஏற்கும், ஆனால் கருவி பொருத்துவதற்கென்று செய்யும் பரிசோதனையை ஏற்காது. பரிசோதனை ஒன்றே, காதும் ஒன்றே, காகிதத்தில் எழுதப்படும் நோக்கம் மட்டும் வேறு. ஆகவே மருத்துவரைப் பார்த்து அவர் வழியாகப் பரிசோதனைக்குச் செல்வது செலவையும் குறைக்கும், பாதுகாப்பும் கூட. ஒரு காது மட்டும் மந்தமாகி வருகிறது, தலை சுற்றுகிறது, சீழ் வடிகிறது என்றால் கருவியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். ஓரிரு நாளில் திடீரென்று காது கேட்காமல் போவது அவசர நிலை. அதற்கு மருந்து பலிக்கும் காலம் குறுகியது, அன்றே செல்ல வேண்டும்.

காப்பீடு ஏன் ஒரே வரியில் மறுக்கிறது என்று நீங்கள் வருந்தியிருந்தீர்கள். அதற்குப் பழைய வரலாறு உண்டு. அமெரிக்காவில் 1965இல் மெடிகேர் சட்டம் இயற்றப்பட்டபோது, மூக்குக் கண்ணாடியையும் பல் சிகிச்சையையும் போலக் காதுக் கருவியையும் வழக்கமான தனிநபர் செலவு என்று கருதி விலக்கிவைத்தார்கள். அரசே நேரடியாக நடத்தும் மூல மெடிகேரில் அந்த விலக்கு இன்றும் நிற்கிறது. உலகின் பல தனியார் காப்பீட்டு ஒப்பந்தங்களிலும் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே கருவியும் விலக்குப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். பிரிட்டன் இதற்கு நேர் எதிரான முடிவை எடுத்தது. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோதே மெட்ரெஸ்கோ என்ற கருவியை இலவசமாகக் கொடுத்தார்கள். இன்றும் அங்கே கருவி, பேட்டரி, பழுதுபார்த்தல் மூன்றும் இலவசம், கருவி மட்டும் கடனாகத் தரப்பட்டதாகக் கணக்கு. செவிக் கவனிப்பில் போடும் ஒவ்வொரு டாலரும் பத்தாண்டுகளில் ஏறக்குறைய 16 டாலராகத் திரும்பும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் கணக்கிட்டிருக்கிறது. அப்படியிருந்தும் இது தனிநபர் செலவு என்ற பழைய எண்ணம் ஒப்பந்தங்களிலிருந்து இன்னும் அகலவில்லை.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் பெரும்பாலான நாடுகள் இருக்கின்றன. ஜெர்மனியில் சட்டபூர்வக் காப்பீடு குறிப்பிட்ட வரம்பு வரை ஏற்றுக்கொள்ளும். அந்த வரம்புக்குள் அடங்கும் கருவியை விற்பனையாளர் காட்டியே ஆக வேண்டும், அதை எடுத்துக்கொண்டால் கருவி ஒன்றுக்கு 10 யூரோ மட்டுமே கையிலிருந்து போகும். பிரான்ஸில் 2021 முதல், முதல் வகுப்பு எனப்படும் விலை வரம்புள்ள வகையில் வைக்கப்பட்ட கருவிகளுக்கு, துணைக் காப்பீடும் இருப்பவர் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவில் ஓய்வூதியர் சலுகை அட்டை வைத்திருப்பவர்களுக்கு அரசு வவுச்சர் கொடுக்கிறது. 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் தனி அரசு அமைப்பே பொறுப்பேற்கிறது. கனடாவின் ஒன்ராறியோவில் விலையில் 75 விழுக்காடு, ஆனால் ஒரு காதுக்கு 500 டாலருக்கு மேல் இல்லை. இந்தியாவில் 1981 முதல் நடக்கும் அடிப் திட்டம், வருமான வரம்புக்குள் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குக் கருவி வழங்குகிறது. பெயர்கள் வேறு வேறாக இருந்தாலும், இவை எல்லாவற்றிலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றே: வயதும் வருமானமும் என்ன, குறைபாடு எவ்வளவு, யார் பரிந்துரைத்தார், யாரிடம் வாங்குகிறீர்கள், கடைசியாக எப்போது வாங்கினீர்கள்.

இவற்றுள் குறைபாடு எவ்வளவு என்ற கேள்வியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனெனில் பலருடைய விண்ணப்பம் விழுவது அங்கேதான். அம்மாவின் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் பரிசோதனையின் முடிவை வரைந்து கொடுத்த காகிதத்தை, எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வலது காதுக்கு வட்டக் குறியும் இடது காதுக்குப் பெருக்கல் குறியும் இட்டிருப்பார்கள். ஹெர்ட்ஸ் என்பது ஒலியின் அதிர்வெண், டெசிபல் என்பது அந்த ஒலி காதில் விழ எவ்வளவு உரக்க இருக்க வேண்டும் என்ற அளவு; எண் கூடினால் குறைபாடும் கூடுதல். ஒரு காதில் 500 ஹெர்ட்ஸில் 40 டெசிபல், 1000இல் 55, 2000இல் 65, 4000இல் 70 என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். முதல் மூன்றை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால் 53 வரும். நான்கையும் சேர்த்தால் 57.5 வரும். ஒரே காது, ஒரே நாள், ஒரே பரிசோதனை; ஆனால் 55 என்று கோடு போட்டிருக்கும் ஒரு திட்டத்தில் முதல் கணக்கு வாசலுக்கு வெளியே நிறுத்தும், இரண்டாவது கணக்கு உள்ளே விடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல், நன்றாகக் கேட்கும் காதின் நான்கு அதிர்வெண் சராசரியைப் பயன்படுத்துகிறது. 35இலிருந்து 50க்குள் மிதமான குறைபாடு, 50இலிருந்து 65க்குள் சற்றுத் தீவிரமானது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, இரு காதுகளிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபல் இழப்பிலிருந்துதான் செவித்திறன் குறைந்தவர் என்று வரையறுக்கிறது. ஆகவே 50 டெசிபல் இழப்போடு ஒவ்வொரு பேச்சையும் இரண்டு முறை கேட்டுத் திண்டாடுகிறவருக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வழியாக எதுவும் கிடைக்காது. அவர் வேறு வாசலைத் தட்ட வேண்டும். எந்தச் சராசரி, எந்தக் காது என்பதை விண்ணப்பப் படிவத்தின் சிறு எழுத்தில் பார்த்துவிட்டு, பரிசோதகரிடம் அந்தக் கணக்கைக் காகிதத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

யாரிடம் வாங்குகிறீர்கள் என்பதும் அதே அளவு முக்கியம். எனக்குத் தெரிந்த ஒருவர் சனிக்கிழமை தள்ளுபடி முடிகிறது என்பதற்காகக் கருவியை வாங்கிவிட்டு, திங்கள்கிழமை தம் அலுவலக நலத் திட்டத்தில் விண்ணப்பித்தார். அவருக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. முன் அனுமதி பெறவில்லை, விற்பனையாளர் பட்டியலில் இல்லை என்ற இரண்டு காரணங்களால் ஒரு காசும் வரவில்லை. அடுத்த விண்ணப்பத்துக்கு ஐந்து ஆண்டு காத்திருக்கச் சொன்னார்கள். தள்ளுபடியில் மிச்சமானது, அவர் இழந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. கருவி விற்பனையில் இன்றே முடிவு செய்ய வேண்டிய அவசரம் எதுவும் உண்மையில் இல்லை. தாமதித்தால் மறதி நோய் வந்துவிடும் என்று அச்சுறுத்தி விற்பவர்களும் உண்டு. முதியவர்களுக்குக் கருவி கொடுத்துப் பார்த்து 2023இல் வெளியான அச்சீவ் என்ற ஆய்வில், மூன்று ஆண்டுகளில் நினைவாற்றல் சரிவு, ஏற்கெனவே அபாயம் மிகுந்திருந்த பிரிவினரிடம் குறைந்தது, பங்கேற்ற எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது குறையவில்லை. நல்ல செய்திதான், ஆனால் இரண்டு மாதம் விண்ணப்பத்துக்காகக் காத்திருப்பதில் எதுவும் கெட்டுப்போகாது என்றும் அதிலிருந்து தெரிகிறது.

தனியார் காப்பீடு மறுத்த கடிதத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் சொன்ன மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்கீழ் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விலக்குப் பட்டியலில் காதுக் கருவி என்றே இருந்தால் வாதாடுவதற்கு இடம் குறைவு. அப்படி இல்லாமல், மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை என்றோ, ஆவணம் போதவில்லை என்றோ எழுதியிருந்தால் மேல்முறையீட்டில் வெல்ல வாய்ப்பு உண்டு. மருத்துவரின் கடிதம் கருவி நல்லது என்று பொதுவாகச் சொல்லக் கூடாது. இன்ன அளவு இழப்பு, இன்ன காரணம், மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ தீராது, தெருவில் வண்டி ஒலியும் மருத்துவர் சொல்லும் மருந்தளவும் இவருக்குக் கேட்பதில்லை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். வேலைக்குப் போகும் பிள்ளைகளின் குழுக் காப்பீட்டில் பெற்றோர் சேர்க்கப்பட்டிருந்தால் அதையும் தனியாகப் பாருங்கள். குழு ஒப்பந்தங்கள் தனிநபர் ஒப்பந்தங்களைவிடத் தாராளமாக இருப்பது உண்டு. ஒன்றை மட்டும் பிரித்தறியுங்கள்: செவிப் பயன் உண்டு என்று விளம்பரப்படுத்தும் சில திட்டங்கள் பணம் எதுவும் தருவதில்லை, குறிப்பிட்ட கடைகளில் தள்ளுபடி வாங்கித் தருவதோடு சரி. அந்தத் தள்ளுபடி விலையை வெளியே கிடைக்கும் விலையோடு ஒப்பிட்ட பிறகே அதைப் பயன் என்று சொல்லலாம்.

காது ஏன் கெட்டது என்று யாரும் கேட்பதே இல்லை. முதுமை என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் காரணம்தான் சில சமயம் பணத்தைக் கொண்டுவரும். அம்மாவோ அப்பாவோ இருபது முப்பது ஆண்டுகள் தறிக்கூடத்திலோ, அச்சகத்திலோ, இயந்திரங்களுக்கு நடுவிலோ வேலை செய்தவரா? எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்பது பல நாடுகள் ஏற்றுக்கொண்ட எல்லை. இரைச்சலால் கெட்ட காதின் ஆடியோகிராமில் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழுந்து, 8000இல் கோடு மறுபடி சற்று மேலேறும். முதுமையால் கெட்ட காதில் கோடு ஏறாமல் சரிந்துகொண்டே போகும். வயது கூடக்கூட இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது; ஆனாலும் நிபுணரிடம் கேட்பதற்கு இது போதுமான காரணம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களில் செவியிழப்பு இடம்பெறும் நாடுகளில் கருவிச் செலவும் அதில் அடங்கக்கூடும். காலக்கெடுவும் உண்டு, பிரிட்டனில், தம் குறைபாட்டுக்கு வேலைதான் காரணம் என்று ஒருவர் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இது இன்னும் பெரிய வாசல்: அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான துறை தன் மருத்துவப் பயனாளிகளுக்குக் கருவியோடு பேட்டரியும் தருகிறது. இன்னும் வேலையில் இருப்பவர், கருவியை வேலைக்குத் தேவையான உபகரணமாகக் காட்டி முதலாளியிடமோ வேலைவாய்ப்பு உதவித் திட்டங்களிலோ கேட்கலாம்.

குழந்தைகளின் விஷயம் உங்கள் கேள்வியில் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு ஒருவருக்குப் பயன்படலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே காத்திருக்கும் ஆலோசனை செல்லாது. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியோ பிற உதவியோ தொடங்குதல் என்பதே கடைப்பிடிக்கப்படும் நெறி. பெரியவர்களுக்குக் கை விரிக்கும் அரசுகள்கூடக் குழந்தைகளுக்குக் கொடுக்கின்றன. அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டமான மெடிகெய்ட் 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கருவியை ஏற்கிறது. உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளாண்ட் ஓர் அறுவை சிகிச்சை என்பதால், சாதாரணக் கருவியை விலக்கும் காப்பீடுகளும் அதை ஏற்பது உண்டு. ஆனால் வெளியே அணியும் செயலியைச் சில ஆண்டுகளுக்குப் பின் மாற்றும் செலவு யாருடையது என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் நேரடியாக வாங்கும் கருவிகளைப் பற்றியும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், 18 வயது நிறைந்தவர்கள், தமக்கு லேசான அல்லது மிதமான குறைபாடு இருப்பதாக உணர்ந்தால், பரிசோதனையும் மருத்துவர் சீட்டும் இல்லாமலே கருவி வாங்கலாம். 2024 செப்டம்பரில், ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2 இயர்போன்களைக் கருவியாகப் பயன்படுத்தும் மென்பொருளுக்கும் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. குறைபாடு லேசாக இருக்கும், கைபேசியைத் தயங்காமல் கையாளும் ஒருவருக்கு இது நல்ல தொடக்கம். அம்மாவின் ஆடியோகிராம் 60க்கு அருகில் நின்றால் இது பணத்தை மிச்சப்படுத்தாது, வீணாக்கும். இணையத்தில் மிக மலிவாக விற்கப்படும், காதில் மாட்டும் ஒலிபெருக்கிகள் வேறு இனம். எல்லா ஒலியையும் ஒரே அளவில் உயர்த்தும் அவற்றில், பாத்திரம் விழும் சத்தமும் பேச்சும் ஒன்றாகவே காதில் இறங்கும். ஒரு வாரத்தில் கழற்றி வைத்துவிட்டு, கருவி என்றாலே இப்படித்தான் என்று அம்மா முடிவு செய்துவிட்டால், பிறகு நல்ல கருவியை அவர் காதில் ஏற்றுவது கடினம்.

உதவி அமைப்புகளில் தேடும்போது, பணமாகக் கேட்பதைவிடக் கருவியாகக் கேட்பது எளிது. பல ஊர்களில் லயன்ஸ் சங்கங்கள் பழைய கருவிகளைத் திரட்டிப் புதுப்பித்துத் தருகின்றன. செவித்திறன் படிப்பு நடத்தும் கல்லூரிகளின் பயிற்சி மருத்துவமனைகளில், மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் பரிசோதித்துப் பொருத்துவார்கள். கட்டணம் குறைவு, நேரம் அதிகம் ஆகும், அந்த அதிக நேரமே பல சமயம் நன்மையாக முடிகிறது. உறவினர் விட்டுச்சென்ற கருவியை அம்மாவுக்குப் போட முடியுமா என்றும் கேட்பார்கள். அச்சைப் புதிதாக எடுத்து, கணினியில் மறுபடி சரிசெய்தால் முடியும். அதன் சக்தி அம்மாவின் குறைபாட்டுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும், தவிரவும் அது பூட்டப்பட்ட கருவியாக இருக்கக் கூடாது. சில விற்பனைச் சங்கிலிகள் தம் கருவிகளைத் தம் கிளைகளில் மட்டுமே சரிசெய்யும்படி மென்பொருளில் பூட்டி விற்கின்றன. புதிதாக வாங்கும்போதும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள், ஊர் மாறினால் அப்போதுதான் அதன் அருமை தெரியும்.

இவ்வளவுக்கும் பிறகு மீதி நிற்கும் தொகைக்குத் தவணை எடுப்பதில் தவறில்லை. வட்டியில்லாத் தவணை என்றால், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்ற வரியை மட்டும் தேடிப் படியுங்கள். தொடக்க நாளிலிருந்தே முழு வட்டியும் சேர்த்துக் கணக்கிடும் ஒப்பந்தங்கள் உண்டு. வரிக்கழிவு கிடைக்கும் நாடுகளில் மருத்துவரின் பரிந்துரையையும் பெயர் எழுதிய ரசீதையும் சேர்த்து வையுங்கள். அமெரிக்காவின் மருத்துவச் சேமிப்புக் கணக்குகளில் பேட்டரி வாங்கிய ரசீதுகூடச் செல்லும். மாதச் சந்தாவில் தரும் கருவிகளும் வந்துவிட்டன. ஐந்து ஆண்டுச் சந்தாவைக் கூட்டிப் பார்க்காமல் அவற்றில் இறங்க வேண்டாம்.

வாங்கிய பின் ஆகும் செலவையும் கணக்கில் சேருங்கள். பழுப்பு ஒட்டுள்ள 312 அளவு பேட்டரி ஏறக்குறைய ஒரு வாரம் வரும், நீல ஒட்டுள்ள பெரிய 675 அதைவிட நீண்ட நாள் உழைக்கும். மின்னேற்றும் வகையில் இந்தச் செலவு இல்லை, ஆனால் சில ஆண்டுகளில் உள்ளிருக்கும் பேட்டரியையே மாற்ற வேண்டியிருக்கும். கருவி செத்துவிட்டது என்று கொண்டுவரப்படுகிறவற்றில் கணிசமானவை சாகவே இல்லை. ஒலி வரும் முனையில் கடுகளவு வெள்ளை வடிகட்டி ஒன்று இருக்கும். அதில் குறும்பி அடைத்துக் கறுத்திருக்கும். கூடவே கொடுக்கப்பட்ட குச்சியின் ஒரு முனையால் பழையதை இழுத்து, மறுமுனையால் புதியதை அழுத்தினால் கருவி பேசத் தொடங்கிவிடும். இதைக் கற்றுக்கொள்ளாத வீடுகள் அரை நிமிட வேலைக்குப் பழுதுக் கட்டணம் கட்டுகின்றன.

திருப்பிக் கொடுக்கும் உரிமையுள்ள சோதனைக் காலம் இல்லாமல் வாங்காதீர்கள். பிரான்ஸில் அது சட்டப்படியே குறைந்தது 30 நாள். திருப்பினால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். அந்தக் காலம் முடியும் முன் ஒருமுறை சென்று, கருவி தனக்குள் பதிந்து வைத்திருக்கும் அணிந்த நேரக் கணக்கைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். அம்மா தினமும் அணிகிறேன் என்று சொல்வார். திரை நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று காட்டும். அவர் பொய் சொல்லவில்லை. எங்கோ அழுத்துகிறது, அல்லது தம் குரலே தமக்கு அந்நியமாக ஒலிக்கிறது, அதைச் சொல்லத் தயங்குகிறார். அச்சைச் சற்றுத் தேய்த்தோ ஒலியின் அளவைக் குறைத்தோ அந்தக் கணக்கு எட்டு மணி நேரத்துக்கு ஏறுகிறதா என்று பார்த்த பிறகே மீதித் தொகையைக் கொடுங்கள். கருவியின் வரிசை எண், வாங்கிய தேதி, உத்தரவாதம் முடியும் தேதி மூன்றையும் ஆடியோகிராமின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். உத்தரவாதம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது, எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், கொண்டுபோய் முழுமையாகச் சோதித்துத் தரச் சொல்லுங்கள். அன்று கண்டுபிடிக்கப்படும் பழுதுக்குப் பணம் இல்லை. அடுத்த மாதம் கண்டுபிடித்தால் அதே பழுதுக்கு உண்டு.